இரைச்சலுக்கு நடுவே கேட்கும் காதுகள்

பல ஒலிகள் ஒன்றாக எழும் இடத்தில் தனக்கு வேண்டிய ஒலியை மட்டும் பிரித்தறிவது விலங்குகளுக்கு உயிர்ப் பிரச்சினை. இணையும் இரையும் எதிரியும் ஒலியாகவே முதலில் தெரியவரும் வேளைகள் பல. சேலம், நாமக்கல் சமவெளியின் ஏரிகளிலும் வயல்களிலும் இது அன்றாடம் நடக்கிறது. இதைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும் வருமாறு.

நம்பிக்கை: தவளைகள் மழையைக் கூப்பிடுகின்றன, அது பொருளற்ற கூச்சல்.

உண்மை: மழையில் நீர்நிலைகள் நிரம்பியதும் ஆண் தவளைகள் பெண்ணை அழைக்கின்றன. கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற ஏரியில் பல இனங்கள் சேர்ந்து கத்தினாலும் ஒவ்வோர் இனத்தின் சுருதியும் தாளமும் வேறு. தவளையின் உட்காதில் ஒலியை உணரும் உறுப்புகள் இரண்டு உண்டு: ஒன்று தாழ்ந்த சுருதிக்கு, மற்றொன்று உயர்ந்த சுருதிக்கு. பெரும்பாலும் இவை சொந்த இனத்தின் அழைப்புக்கு இசைந்தே அமைந்திருப்பதால் மற்ற குரல்கள் மங்கிப்போகின்றன. அமெரிக்கப் பச்சை மரத்தவளையில் நுரையீரலும் இதற்குத் துணை செய்வதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்று நிரம்பிய நுரையீரல், பிற இனங்களின் சுருதிக்குச் செவிப்பறை அதிர்வதைக் குறைக்கிறது.

நம்பிக்கை: கூகை இருட்டில் கண்ணால் மட்டுமே எலியைப் பிடிக்கிறது.

உண்மை: துளி வெளிச்சமும் இல்லாத அறையில் கூகை ஒலியை மட்டும் கொண்டு எலியைப் பிடிப்பதை அமெரிக்க விலங்கியலாளர் ரோஜர் பெய்ன் நிறுவினார். அதன் இரு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வேறுபாடு இடம் வலத்தையும், ஒலி அளவின் வேறுபாடு மேல் கீழையும் காட்டுகின்றன. இறகுகளின் மெல்லிய விளிம்பு சிறகடிப்பின் ஓசையை அடக்குவதால் சொந்தச் சத்தமும் காதை மறைப்பதில்லை.

நம்பிக்கை: கோழியின் சத்தமெல்லாம் ஒன்றே.

உண்மை: வானில் பருந்தைக் கண்டால் கோழி எழுப்பும் ஒலி வேறு, தரையில் நாயையோ கீரியையோ கண்டால் எழுப்பும் ஒலி வேறு. முன்னது நீண்டு மெலிந்தது. எங்கிருந்து வருகிறது என்று எதிரி அறிவது கடினம். பின்னது விட்டுவிட்டு உரக்க எழுவது. ஒலிக்குத் தக்கபடி மற்ற கோழிகள் பதுங்கவோ நிமிர்ந்து சுற்றிப் பார்க்கவோ செய்கின்றன. 21ஆம் நாளையொட்டி முட்டை பொரியும் முன்பே குஞ்சு உள்ளிருந்து கீச்சிடும். அடைகாக்கும் தாய் அதற்குக் குரல் கொடுக்கும்.

நம்பிக்கை: பாம்பு மகுடி இசைக்கு மயங்கி ஆடுகிறது.

உண்மை: நல்ல பாம்பு பின்தொடர்வது மகுடியின் அசைவைத்தான். ஆனாலும் பாம்பு முழுச் செவிடு அல்ல. அதற்கு வெளிக்காது இல்லை. தாடையோடு இணைந்த எலும்பு வழியாகத் தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் உணர்கிறது.

நம்பிக்கை: மனிதர் எழுப்பும் சத்தம் விலங்குகளுக்குப் பழகிவிடும்.

உண்மை: வாகன இரைச்சலின் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது; பல தவளைகளின் அழைப்பும் அதே எல்லைக்குள் வருவதால் காது பிரித்தறியத் திணறுகிறது. அமெரிக்கச் சாம்பல் மரத்தவளைகளிடம் நடந்த சோதனையில், போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே பெண் தவளைகள் ஆணின் அழைப்புக்குத் தாமதமாகவே பதில் வினை காட்டின. சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய குட்டைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நெடுஞ்சாலையை நிறுத்த முடியாது. ஒலிபெருக்கியை நிறுத்த முடியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குத் தடை விதிக்கின்றன. ஏரிக்கரை ஊர்கள் இந்த விதியை மழைக்காலத்திலாவது தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.