காலுக்கு முன்னால் காது

அன்புள்ள கயல்,

நீ சால்சா வகுப்பில் சேர்ந்திருப்பதாக அம்மா போனில் சொன்னாள். அவளுக்குக் கொஞ்சம் கலக்கம். எனக்கு ஒரே சந்தோஷம். 'ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து, ஆறு, ஏழு' என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் எண்ணிக்கொண்டே ஆடுகிறாயாம். நாலும் எட்டும் எங்கே என்று கேட்டதற்கு, "அங்கே நிற்கணும்" என்றதோடு டீச்சர் முடித்துவிட்டாராம். எனக்கு அந்த நாலில்தான் விஷயமே இருக்கிறது.

ஒன்று செய். 1 முதல் 16 வரை ஒரே சீராகத் திரும்பத் திரும்ப எண்ணு. 1, 4, 7, 11, 13 வரும்போது மட்டும் கை தட்டு. முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு. இழுத்துப் பிடித்து, பிறகு விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும். இதைத்தான் கிளாவே என்கிறார்கள். கிளாவே என்றே பெயருள்ள இரண்டு கட்டைகளைத் தட்டி இதை வாசிப்பார்கள். சில பாட்டுகளில் இது இரண்டு, மூன்று என்று தலைகீழாகவும் வரும். கட்டைச் சத்தம் காதில் விழாத பாட்டிலும் பியானோவும் பேஸும் இந்தக் கணக்கை மீறாது. இப்போது உன் எட்டு எண்ணிக்கையை இதன்மேல் பொருத்திப் பார். உன் 'நாலு' இங்கே 7. நீ கால் வைக்காத இடத்தில் கட்டை தட்டுகிறது; கொங்கா மேளமும் அங்கேதான் வாய்விட்டு ஒலிக்கிறது. நீ சும்மா நிற்பதாக நினைத்த இடத்தில் மேளக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தாளத்தின் வேர் ஆப்பிரிக்காவில். கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அது கியூபாவுக்கு வந்தது. அங்கே அடிமை முறை ஒழிந்ததே 1886-ல்தான். தீவின் கிழக்கு மலைப்பக்கத்தில் ஸ்பானிய நரம்பிசையும் ஆப்பிரிக்கத் தோல் வாத்தியமும் கலந்து 'சொன்' என்ற பாட்டு வகை உருவாகி, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவுக்கு வந்து சேர்ந்தது. அதன் உருவத்தை மாற்றியவர் ஆர்செனியோ ரோட்ரிகஸ். சிறு வயதிலேயே பார்வை போனவர். 1940-களில் தன் குழுவில் பியானோவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்தார். கறுப்பர்களின் தெருமேளம் என்று மேட்டுக்குடியினர் ஒதுக்கிய கொங்காவையும் உள்ளே கொண்டுவந்தார். இன்று சால்சாக் குழு எதைப் பார்த்தாலும் அவர் போட்ட கோலம் தெரியும்.

பிறகு நியூயார்க். பிராட்வேயில் இருந்த பல்லேடியம் நடன அரங்கில் 1950-களில் மாம்போ என்ற ஆட்ட இசை கொடிகட்டிப் பறந்தது. மாச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகஸ் ஆகியோரின் குழுக்கள் வாசிக்க, கறுப்பர், யூதர், இத்தாலியர், புவேர்ட்டோ ரிக்கர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1959-ல் கியூபப் புரட்சி. அமெரிக்கா வணிகத் தடை விதித்ததும் ஹவானாவிலிருந்து வந்துகொண்டிருந்த இசைக்கு வழி அடைபட்டது. இனி வாசித்தால் இங்கிருப்பவர்களே வாசிக்க வேண்டும். கிழக்கு ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் வளர்ந்த புவேர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் அதைச் செய்தார்கள். 1964-ல் ஜானி பச்சேகோ என்ற டொமினிக்கப் புல்லாங்குழல் கலைஞரும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே வில்லி கொலோன் தன் முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்தபோது அவருக்கு வயது 17. அவருடைய டிராம்போனில் மெருகு கிடையாது. கரகரவென்று தெருச் சண்டைபோல் இருக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கரகரப்புதான்.

1973 ஆகஸ்டில் யாங்கி ஸ்டேடியத்தில் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் கச்சேரி. கூட்டம் 40,000-க்கும் மேல். ரே பரேட்டோவும் மோங்கோ சாண்டமரியாவும் கொங்காவில் போட்டி போட்டு வாசித்ததில் ஜனம் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. கச்சேரி அத்தோடு சரி. பின்னால் அந்த ஸ்டேடியத்தின் பெயரிலேயே வந்த இசைத்தட்டுகளில் பெரும்பகுதி புவேர்ட்டோ ரிக்கோவில் பதிவானது என்பது வேடிக்கை. வியாபாரிகள் எங்கேயும் வியாபாரிகளே. சால்சா என்ற பெயர் பரவியதிலும் அவர்கள் கை உண்டு. நான் வாசிப்பது கியூப இசை என்று புவென்டே முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது பாதி சரி. இலக்கணம் கியூபாவுடையது, கோபம் நியூயார்க்குடையது.

ஆட்டம் ஊருக்கு ஊர் மாறும். ஹவானாவில் ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்கக் கொடுக்க ஜோடி மாற்றி ஆடுவார்கள். நியூயார்க்கில் எடி டோரஸ் பரப்பிய பாணியில் திரும்பும் அடி இரண்டில் விழும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்றில். கொலம்பியாவின் காலி நகரத்துக்காரர்கள்தான் அசகாய சூரர்கள். 33 வேகத்தில் சுழல வேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓடவிட்டு அதற்கு ஈடாகக் காலை ஓட்டிப் பழகியவர்கள்! இன்றும் அவர்கள் ஆடும்போது இடுப்புக்கு மேலே பெரிய அசைவு இருக்காது, பாதம் மட்டும் பறக்கும். உன் டீச்சர் எந்த ஊர்ப் பாணி சொல்லித்தருகிறார் என்று கேட்டுக்கொள். இரண்டு பாணி கலந்தால் ஆடும் ஜோடிக்குக் கால்விரல் நசுங்கும்.

இந்த வாரம் ஆடவே வேண்டாம். கொலோனும் பனாமாக்காரரான ரூபன் பிளேட்ஸும் 1978-ல் வெளியிட்ட 'சியெம்ப்ரா'வில் 'பெத்ரோ நவாஹா' என்ற பாட்டைக் கேள். ஒரு தெருச் சண்டியரின் கதை, ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆரம்பத்தில் குரலும் மேளமும்தான்; மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேரும். கிளாவேயைத் தட்டிக்கொண்டே கேட்டு, எந்த இடத்தில் கணக்கு தப்புகிறது என்று எழுது.

அன்புடன்,
மாமா