எல்ம் இலையின் வெள்ளை ஓரம் ஏன் கருகுகிறது?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ‘ஃப்ராஸ்டி’ என்ற குட்டை எல்ம் செடியை மொட்டை மாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். பொடி இலைகளில் வெள்ளை ஓரம் அத்தனை அழகாக இருந்தது. ஆனி பிறந்ததிலிருந்து அந்த ஓரம் கருகுகிறது. ஒரு கிளை மட்டும் வெள்ளையே இல்லாமல், முழுப் பச்சையாகக் கிடுகிடுவென்று வளர்கிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தரையில் நட்டால் தேறுமா?
— ஒரு வாசகி, இளையரசனேந்தல்

பதில்: தரையில் நட வேண்டாம். முதலில் கத்திரியை எடுங்கள். உங்களுக்குச் செழிப்பாகத் தெரிகிற அந்தப் பச்சைக் கிளையைத்தான் வெட்ட வேண்டும்.

ஃப்ராஸ்டி, சீன எல்மின் குட்டை ரகம். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. பச்சைப் பகுதியின் சம்பாத்தியத்தில்தான் அது பிழைக்கிறது. தாய்மரத்தின் குணத்துக்குத் திரும்பிய கிளையோ முழு இலையாலும் உணவு தயாரிப்பதால் மற்றதையெல்லாம் முந்திவிடும். விட்டுவைத்தால் நாளடைவில் செடி முழுக்கப் பச்சைதான். நுனியைக் கிள்ளினால் போதாது. கிளை புறப்படும் இடத்திலேயே நறுக்குங்கள்.

கருகலுக்கு வருவோம். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் அடிக்கிற மேல்காற்று, கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. மொட்டை மாடியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் நீர் அனுப்ப முடியாதபோது முதலில் காய்வது ஓரம். போர் தண்ணீரில் இருக்கிற உப்பும் கடைசியில் அங்கேதான் போய்த் தங்கும். தொட்டி விளிம்பிலோ மண்ணின் மேலோ வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அடித்துளை வழியே நன்றாக வடிகிற அளவுக்குக் குடிதண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தனித் தொட்டியில் பிடித்துவைத்து ஊற்றுவது இதைவிட உத்தமம்.

செடியைக் கிழக்குச் சுவரோரம் இறக்குங்கள். காலை வெயில் போதும். வீட்டுக்குள் கொண்டுபோய்விடாதீர்கள், அங்கே வெளிச்சம் பற்றாது. கரிசலைத் தொட்டியில் நிரப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். நனைந்தால் களியாகி, காய்ந்தால் வெடித்து வேரை அறுத்துவிடும். செம்மண், பருமணல், கொஞ்சம் மட்கிய தொழுவுரம் போதும். யூரியாப் பக்கமே போக வேண்டாம்.

தரையில் வைக்க எல்ம் குடும்பத்து மரம்தான் வேண்டுமென்றால் நம்மூர் ஆயா மரம் இருக்கிறது. வட்டமான, இறகுள்ள விதை காற்றில் பறந்துபோய் விழுந்து தானாகவே முளைக்கிற மரம். ஆனால் பெரிதாக வளரும், இலையைக் கசக்கினால் நாற்றம், மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டை ஒட்டி வைக்காமல் தோட்டத்து வரப்போரமாகப் பார்த்து வையுங்கள்.