காதால் பார்க்கும் கருவி

1816-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் ரெனே லென்னெக் என்னும் மருத்துவரிடம் இதயநோய் அறிகுறிகளுடன் இளம்பெண் ஒருத்தி வந்தாள். நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது அக்கால வழக்கம். அவ்வாறு செய்யத் தயங்கிய லென்னெக், தாளைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதய ஒலி முன்னினும் தெளிவாகக் கேட்டது.

பின்னர் மரத்தால் குழல் செய்து, 'ஸ்டெதாஸ்கோப்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஸ்டெதோஸ்' என்பது மார்பு. 'ஸ்கோபெயின்' என்பது பார்த்தல், ஆராய்தல். கேட்கும் கருவிக்குப் 'பார்த்தல்' என்னும் பெயர் பொருந்துமா? பொருந்தும். விரலால் தொட்டறிவதை நாமும் 'நாடி பார்த்தல்' என்றே கூறுகிறோம். ஆராய்ந்து அறிவதும் பார்த்தலே.

பயிற்சி: 'சுவைத்துப் பார்', 'நாடி பார்' போலக் கண்ணால் காண்பதைக் குறிக்காத 'பார்' வழக்குகள் இரண்டினை எழுதுக.