மர்யம்: ஒரு பெயர், பல பொருள்

பெண் குழந்தைக்கு மர்யம் என்று பெயர் சூட்டி, அகீகாவும் கொடுத்தாகிவிட்டது. பிறகு யாரோ வந்து, "அந்தப் பெயருக்குக் கசப்பு என்றல்லவா அர்த்தம்!" என்று சொல்லிவிட்டால், உம்மம்மாவுக்கு உறக்கம் வருமா? பெயரை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டு வருவோர் உண்டு.

ஹிப்ரூ மொழியில் 'மர்' என்றால் கசப்பு. 'மெரி' என்றால் மாறு செய்தல். இவ்விரண்டில் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது என்பார் உளர். ஆனால் தவ்ராத்தில் இப்பெயரை முதலில் தாங்கியவர், எகிப்தில் வாழ்ந்த மூஸா, ஹாரூன் (அலை) ஆகியோரின் சகோதரி. பழைய எகிப்திய மொழியில் 'மர்' என்பது நேசத்தைக் குறிக்கும். ஆகவே 'நேசத்திற்குரியவள்' என்பதே பொருத்தம் என்பாரும் உளர். லத்தீன் நூல்களிலோ 'கடல் துளி' என்ற விளக்கம், ஓர் எழுத்து மாறிக் 'கடல் நட்சத்திரம்' ஆகிவிட்டது என்பர்! பார்ஸியில் மர்யம் என்பது ஒரு பூ. நாம் மாலையில் தொடுக்கும் நிலச்சம்பங்கிதான் அது.

நம் முபஸ்ஸிர்களில் இமாம் ஜமக்ஷரீ (ஹிஜ்ரி 538-இல் மறைந்தவர்) அம்மக்களின் மொழியில் இதற்கு 'வணங்குபவள்' என்று பொருள் என எழுதினார்கள். அன்னை ஹன்னா அவர்கள், கருவிலிருந்த குழந்தையை அல்லாஹ்வின் பணிக்கென நேர்ச்சை செய்தவர்களல்லவா? அவர்களே இப்பெயரைச் சூட்டியதை ஆல இம்ரான் சூராவின் 36-ஆம் வசனம் சொல்கிறது. திருக்குர்ஆனில் பெயர் கூறப்பட்ட பெண்மணி இவர் ஒருவரே. 34 இடங்களில் அப்பெயர் வருகிறது.

கெட்ட பொருளுள்ள பெயரை மாற்றுவது சுன்னத்தான வழிதான். உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு 'மாறு செய்பவள்' எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயர் இருந்தது. அதை நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என மாற்றியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இதைப் படித்துவிட்டு, பிர்அவ்னின் மனைவியார் ஆஸியா (அலை) பெயரையும் மாற்றக் கிளம்பிவிட வேண்டாம்! முன்னது ஐன், ஸாத் எழுத்துக்களில் அமைந்தது. பின்னது அலிப், ஸீன் எழுத்துக்களில் அமைந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எனவே பெயரை அரபியில் எழுதிப் பார்த்த பிறகே பொருள் கேட்க வேண்டும்.

மர்யம் விஷயம் அப்படியல்ல. நஜ்ரான் சென்ற முகீரா (ரலி) அவர்களிடம் அவ்வூரார், "மர்யமை ஹாரூனின் சகோதரி என்று ஓதுகிறீர்களே, காலம் பொருந்தவில்லையே" என்று கேட்டனர். திரும்பி வந்து நாயகம் (ஸல்) அவர்களிடம் விசாரித்தபோது, அம்மக்கள் தங்களுக்கு முன் சென்ற நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைச் சூட்டி வந்தார்கள் என்று விளக்கம் கிடைத்தது. இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதே. நம் வீடுகளில் மர்யம் என்று அழைப்பதும் அகராதி பார்த்து அல்ல. ஈஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணித்தான். குழந்தையின் பெயர் அப்படியே இருக்கட்டும்.