மூளைக்குள் ஒரு புள்ளி

மாணவர்களே! வகுப்பறையில் தொங்கும் மின்விளக்கின் இடத்தை எப்படிக் குறிப்பீர்கள்? அடுத்தடுத்த இரு சுவர்களிலிருந்தும் தரையிலிருந்தும் அதன் தொலைவு தெரிந்தால் போதும். மூன்றே எண்கள்!

மூளையின் ஆழத்திலுள்ள இடத்தையும் இவ்வாறே குறிக்கலாம் என 1908-இல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் காட்டினர். அவர்கள் கருவி விலங்குகளுக்கானது. மனித மண்டையோடோ ஆளுக்கு ஆள் மாறுபடும்; வெளியிலிருந்து அளந்தால் உள்ளிடம் தவறும். 1947-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிசும் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிந்த மூளையின் உட்குறிகளிலிருந்தே அளந்தனர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன் நாட்டு லெக்செல் 1949-இல் விவரித்த கருவி. தலையில் பொருத்திய சட்டத்தின் மேல் ஓர் அரைவட்ட வில் இருக்கும். குறியிடம் வில்லின் மையத்தில் அமையுமாறு மூன்று எண்களையும் வைக்கவேண்டும். பிறகு வில்லில் எங்கிருந்து ஊசியைச் செலுத்தினாலும், ஆரத்தின் நீளம் சென்றதும் முனை மையத்தை அடைந்தே தீரும். வழியில் இரத்தக்குழாய் குறுக்கிட்டால் வேறு கோணத்தை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் படித்த வட்டப் பாடம்தான் இது!

1987-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் குழுவினர் தலாமசில் மின்வாயை வைத்து, விநாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மின்துடிப்புகளால் கைநடுக்கத்தை அடக்கினர். சில மில்லிமீட்டர் விலகினால் அண்டை நரம்புப் பாதை தூண்டப்பட்டுப் பேச்சு குழறும், தசை இழுக்கும். மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. ஆகவே நோயாளியைப் பலமுறை விழித்திருக்கச் செய்து, தாளில் சுருள் வரையச் சொல்வார்கள். துடிப்பு சரியான இடத்தில் பாய்ந்ததும், கோணல்மாணலாக ஓடிய கோடு அதே தாளில் சீராகிறது.