தாங்கியைக் கழுவுவதற்கு முன்

முகாமில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வயிற்றோட்டம் கண்டால் நாம் முதலில் சந்தேகிப்பது தண்ணீர்த் தாங்கியைத்தான். அடுத்த கணமே இளைஞர்கள் உள்ளே இறங்கி, இருக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவரைத் தேய்த்து, வெளிற்றும் தூளைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். நல்ல மனத்தோடு செய்கிற வேலைதான். ஆனால் மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரிப் போத்தலோடு வரும்போது அங்கே இருப்பது குளோரின் மணக்கும் புதுத் தண்ணீர். ஆய்வுகூடத்திலிருந்து “குறை ஒன்றும் இல்லை” என்று தாள் வரும். எல்லோரும் நிம்மதியடைவோம். இரண்டு கிழமையில் நோய் திரும்பி வரும். அழுக்கு ஊற்றிலிருந்து வந்ததா, குழாய் வெடிப்பினால் வந்ததா, மேலே உள்ள மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா என்று கேட்டால் ஒருவருக்கும் விடை தெரியாது. விடை இருந்த தண்ணீரை நாமே கானில் ஊற்றிவிட்டோம்.

மண் சரிந்து இடம் பெயர்ந்த குடும்பங்களுக்கு இது பெரிய காரியம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல தோட்டங்களிலும் வீடும் மரக்கறி நிலமும் போனவர்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. பழைய லயத்தில் இருந்தபோது பீலிக்குத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, மழை பெய்தால் எத்தனை நாள் கலங்கும் என்பதெல்லாம் பாட்டிமாருக்கே தெரியும். புது இடத்தில் அந்த அறிவு நம்மிடம் இல்லை. யாரோ கட்டிய தாங்கி, யாரோ இழுத்த குழாய், பவுசர் கொண்டு வந்து ஊற்றும் தண்ணீர். ஆகவே நோய் வந்தபின் தண்ணீரை எப்படி விசாரிப்பது என்பதை நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த விசாரணைக் கலையை உலகம் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒரு விசித்திரமான நோயிடமிருந்து. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் ‘அமெரிக்கன் லீஜன்’ என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. மாநாடு முடிந்து வீடு திரும்பியவர்கள் கடும் காய்ச்சலும் நிமோனியாவுமாக விழுந்தார்கள். ஹோட்டலின் அருகே தெருவில் நடந்தவர்களுக்குக்கூட நோய் கண்டது. மொத்தம் 221 பேர் நோயுற்றார்கள், 34 பேர் இறந்தார்கள். மாதக்கணக்காகக் காரணம் தெரியவில்லை. விஷமா, கிருமியா என்றே சண்டை. அந்த ஆண்டின் இறுதியில் ஜோசப் மக்டேட் என்ற ஆய்வாளர், முன்பு பார்த்து ஒதுக்கி வைத்த கண்ணாடித் தகடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அங்கே ஒரு புதிய பக்ரீரியா இருந்தது. லீஜியோனெல்லா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நமது பாடத்துக்கு வேண்டிய கதை அதற்கும் முந்தியது. 1968 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தின் பொன்ரியாக் என்ற ஊரில் ஒரு கட்டடத்தில் 144 பேருக்குக் காய்ச்சல். ஒருவரும் இறக்கவில்லை. அந்தக் கட்டடம் எது தெரியுமா? சுகாதாரத் திணைக்களத்தின் அலுவலகமே அது! விசாரிக்க வந்தவர்களும் படுத்துவிட்டார்கள். குளிரூட்டும் இயந்திரத்தின் தண்ணீர் பனித்துளிபோலக் காற்றில் கலந்து உள்ளே வருகிறது என்று சந்தேகித்து, அந்தக் காற்றை மூச்சிழுக்கும்படி கினிப்பன்றிகளை அங்கே வைத்தார்கள். அன்றைக்கு எந்தக் கிருமியும் அகப்படவில்லை. ஆனால் அந்த விலங்குகளின் நுரையீரல் துண்டுகளை அவர்கள் எறியாமல் உறைய வைத்துப் பாதுகாத்தார்கள். பத்தாண்டுக்குக் கிட்டிய காலம் சென்று, பிலடெல்பியாக் கிருமி இன்னதென்று தெரிந்தபின், பழைய துண்டுகளைச் சோதித்தபோது அதே லீஜியோனெல்லா அங்கே இருந்தது. ஒழுங்காக எடுத்துப் பெயரெழுதி வைத்த மாதிரி பத்து வருஷம் கழித்தும் சாட்சி சொன்னது.

லீஜியோனெல்லா நம்மையும் தாக்குமா என்று கேட்பீர்கள். அது குடிப்பதனால் வருவதல்ல. தண்ணீரின் நுண்ணிய தூறலை மூச்சோடு இழுப்பதால் வருவது. 20 பாகைக்கும் 45 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில், தேங்கி நிற்கும் நீரில், குழாயின் உட்புறத்து வழுவழுப்பில் அது பெருகும். றொசல்லப் பக்கத்து ஊற்றுநீரின் குளிரில் அது பெருகுவது கடினம். ஆனால் ஹோட்டல்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சுடுநீர்க் குழாய், குளிரூட்டும் கோபுரம் இவற்றின் அருகில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டும். நமக்கு இங்கே பயம் வேறு: வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி. கிருமி வேறானாலும் விசாரணையின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த ஒழுங்கில் முதலாவது, சுத்தம் செய்வதற்கு முன் மாதிரி எடுத்தல். நோய் கண்டவுடன் பீ.எச்.ஐ. ஐயாவுக்கோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கோ தகவல் கொடுங்கள். அவர் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். தாங்கியின் குழாயைக் கட்டி, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடலாம். வேறு இடத்துத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் இதையே கொதி வரும்வரை காய்ச்சிக் கொடுக்கலாம், கிருமி செத்துவிடும். விறகும் இல்லை, அதிகாரியும் வர முடியாதபடி பாதை உடைந்து கிடக்கிறது என்றால் குளோரின் போடுங்கள். போத்தலா, பிள்ளையின் உயிரா என்றால் உயிர்தான். போட்ட நாளையும் அளவையும் மட்டும் எழுதி வையுங்கள்.

போத்தல் விஷயத்திலும் ஒரு சிறு காரியம். ஆய்வுகூடம் கொடுக்கும் போத்தலின் அடியில் சிலவேளை கொஞ்சம் வெள்ளைத் தூளோ இரண்டு துளி நீரோ இருக்கும். அழுக்கு என்று நினைத்து நம் பெண்கள் அதை அலசி ஊற்றிவிடுவார்கள். ஊற்றக்கூடாது. அது சோடியம் தயோசல்பேற்று. தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிப்பதற்காகப் போடப்பட்டது. முறிக்காவிட்டால் போகும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், ஆய்வுகூடத்தில் பொய்யான நற்செய்தி வரும். மூடியின் உட்புறத்தை விரலால் தொடக்கூடாது, கீழே வைக்கவும் கூடாது. வாய்வரை நிரப்பாமல் சிறிது இடம் விட வேண்டும். ஐஸ் பெட்டியில், வெயில் படாமல், கூடுமானால் 6 மணித்தியாலத்துக்குள், மிஞ்சினால் 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர வேண்டும். மேல்பிரிவுத் தோட்டத்திலிருந்து வாகனம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று பார்த்துத்தான் மாதிரி எடுக்கும் நேரத்தையே தீர்மானிக்க வேண்டும். காலையில் எடுத்து மாலைவரை இஸ்தோப்பில் வைத்திருந்த போத்தல் உதவாது.

எங்கே எடுப்பது? இதில்தான் விசாரணையின் புத்தி இருக்கிறது. ஒரே குழாயில் ஒரு போத்தல் எடுத்தால் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பது மட்டும் தெரியும். ஊற்றுக்கண்ணில் ஒன்று, தாங்கியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று, குடிக்கும் குடத்தில் ஒன்று என்று எடுத்தால் எங்கே கெட்டது என்பது தெரியும். ஊற்றில் சுத்தம், தாங்கியிலும் சுத்தம், கடைசிக் குழாயில் கிருமி என்றால் இடையில் குழாய் உடைந்திருக்கிறது. தண்ணீர் மணிக்கணக்கில் நிற்கும் இடங்களில் வெறுமையான குழாய் பக்கத்துக் கானின் அழுக்கை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் திரும்ப வந்ததும் அந்த அழுக்கை முதலில் பிடிப்பவர் விடியற்காலையில் குடத்தோடு நிற்கும் பெண்தான். குடத்தில் மட்டும் கிருமி என்றால் கோப்பையையும் கையையும் பார்க்க வேண்டும்.

லீஜியோனெல்லா விசாரணையிலும் இதே நுட்பம் உண்டு. குழாயைத் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீரை ஒரு போத்தலிலும், சிறிது நேரம் ஓடவிட்டபின் வருவதை இன்னொன்றிலும் பிடிப்பார்கள். முதலாவது குழாய்முனையின் நிலையைச் சொல்லும், இரண்டாவது உள்ளேயிருந்து வருவதைச் சொல்லும். கிருமி குறைவாயிருக்குமென்பதால் ஒரு லீற்றர் வேண்டும், வெப்பநிலையையும் குறிப்பார்கள். நோயாளியின் சளியையும் சோதிப்பார்கள். 2015இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 138 பேர் நோயுற்று 16 பேர் இறந்தபோது பல கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரங்களில் தண்ணீர் எடுத்தார்கள். நோயாளிகளின் கிருமியோடு ஒரு ஹோட்டலின் கோபுரத்துக் கிருமி ஒத்துப் போனது. கிருமி இருந்த கோபுரமெல்லாம் குற்றவாளி அல்ல.

செங்கமாரியில் ஒரு சிக்கல் உண்டு. 2007இல் கம்பளையிலும், 2009இல் வவுனியா முகாம்களிலும் அது பரவியதை நம்மில் பலர் அறிவோம். கிருமி உள்ளே போய் ஏறக்குறைய நாலு கிழமை சென்றுதான் கண் மஞ்சளாகும். இன்று எடுக்கும் தண்ணீர் இன்றைய நிலையைச் சொல்லும், போன மாதத்தின் நிலையைச் சொல்லாது. மேலும் ஆய்வுகூடம் வழக்கமாகத் தேடுவது செங்கமாரி வைரஸை அல்ல, மலம் கலந்ததற்கு அடையாளமான ஈ.கோலை பக்ரீரியாவை. ஆகவே “நல்ல தண்ணீர்” என்று தாள் வந்தாலும், நாலு கிழமைக்கு முன் எங்கே குடித்தீர்கள், எந்த நாளில் பெருமழை, எப்போது குழாய் வேலை நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். 1854இல் லண்டன் சோகோப் பகுதியில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் பம்பின் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். பார்வைக்குப் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. இறந்தவர்களின் வீடுகளை எண்ணித்தான் அந்தப் பம்பைப் பிடித்தார், கைபிடியைக் கழற்றவும் வைத்தார். அந்த எண்ணும் வேலைக்கு ஆய்வுகூடம் வேண்டாம். நம் மாதர் சங்கம் போதும்.

முடிவுத் தாள் வந்தால் அதன் பிரதி ஒன்றை முகாமுக்குக் கேட்டு வாங்குங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை எத்தனை என்று பாருங்கள். குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கலாகாது. எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்கு எடுத்தது, அப்போது தண்ணீரில் குளோரின் இருந்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு குழுவும் ஒரு பெரிய தாளில் தங்கள் தண்ணீரின் பாதையை வரைந்து வரட்டும்: ஊற்று, தாங்கி, குழாய், கான், மலசலகூடம், மாட்டுப்பட்டி. குழாய் கானைக் கடக்கும் இடங்களைச் சிவப்பு மையால் காட்டுங்கள். தாங்கியின் சாவி யாரிடம் இருக்கிறது, பீ.எச்.ஐ. ஐயாவின் தொலைபேசி இலக்கம் எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது என்பதையும் அந்தத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள்.