கிரியாட்டினின் வாய் திறக்கும் முன்பே

"கிரியாட்டினின் ஒண்ணுதான் டாக்டர், கிட்னி நல்லாத்தானே இருக்கு?" என்று ரிப்போர்ட்டை நீட்டுபவர்களிடம் நான் உடனே தலையாட்டுவதில்லை. வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி போன பிறகே பலருக்கு அந்த எண் அசையும்.

அதற்கு முன்பே சிறுநீரில் தடயம் விழுந்துவிடுகிறது. என்.ஏ.ஜி. என்றொரு நொதி, சிறுநீரக நுண்குழாய்ச் செல்களுக்குள் இருப்பது. மூலக்கூறு ஆல்புமினைப் போல இரு மடங்கு பெரியது என்பதால் ரத்தத்தில் உள்ளது வடிகட்டியைத் தாண்டி வராது. சிறுநீரில் கூடினால் நுண்குழாய்ச் செல்களுக்கு அடி விழுந்திருக்கிறது என்று பொருள். ஜென்டாமைசின் ஊசி, புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், காட்மியம், ஈயம் ஆகியவற்றின் பாதிப்பில் கிரியாட்டினினை முந்திக்கொண்டு இது ஏறும். ஜி.ஜி.டி. என்ற நொதியும் அப்படித்தான்: ரத்தத்தில் பார்த்தால் கல்லீரல் சமாச்சாரம், சிறுநீரில் பார்த்தால் சிறுநீரகச் சமாச்சாரம்.

உடனே லேபுக்கு ஓட வேண்டாம். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது சிறுநீரகப் பாதிப்பைக் கண்காணிக்க, 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏற்ற ஆறு குறியீடுகளில் என்.ஏ.ஜி.யும் ஒன்று. ஆராய்ச்சிக்கு அது சரி. சாதாரண சிறுநீர்த் தொற்றிலும் ஏறக்கூடிய இந்த எண்ணை வைத்து உங்களுக்கு மருந்து மாற்றுவது கடினம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்க வேண்டியது, சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்; கூடவே ரத்தக் கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் வேகமான இ.ஜி.எஃப்.ஆர். ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தொட்டால் பதறாமல், மூன்று மாதத்துக்குள் மறுபடி பாருங்கள். டைப் 2 சர்க்கரைக்காரர்கள் நோய் தெரிந்த ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

மருத்துவரே நொதிப் பரிசோதனை கேட்டால், காலையில் இரண்டாவதாகக் கழிக்கும் சிறுநீரைக் கொடுங்கள். இரவு முழுக்கப் பையில் தேங்கியதில் நொதி சிதைந்திருக்கலாம். டப்பாவை வண்டிப் பெட்டியில் வெயிலில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போகாதீர்கள். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், ஜி.ஜி.டி. செயலிழந்துவிடும். முடிவை அதே சிறுநீரின் கிரியாட்டினினால் வகுத்துத் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள்; இரண்டு டம்ளர் தண்ணீர் கூடக் குடித்திருந்தாலே வெறும் எண் ஏமாற்றிவிடும்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரையும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; ஆனால் அதை எந்த ரிப்போர்ட்டும் பெயர் சொல்லிக் காட்டாது. அடுத்த முறை அந்த அட்டையையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.